தண்ணி டாக்டரின் சந்தேகம்

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர். வாங்கிய பட்டம் வேதியியலில். ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. தண்ணீரில் கதிர் பாய்ந்தால் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒருமுறை உறவுக்காரர் வீட்டு விருந்தில் இந்தப் பெயர் எப்படியோ கசிந்துவிட, கணவனுக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் அவளை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய், "என் மச்சான நீதாம்மா பாக்கணும். சாயங்காலம் ஆனா கை நடுங்க ஆரம்பிச்சுடுது. எப்படியாவது அந்தப் பழக்கத்த விட வச்சுடு" என்று கண் கலங்கினார். அவள் தனக்கு அதெல்லாம் தெரியாது என்றாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். கட்டியைக் கொல்ல அனுப்புகிற கதிர் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் வெறிபிடித்தவை. பக்கத்தில் எது இருந்தாலும் பாயும். கட்டியின் உயிரணுவும் சரி, கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல தோலும் சரி, அவற்றுக்கு ஒன்றுதான். சில துண்டுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெராக்சைடு ஆகிவிடும். புண்ணைக் கழுவும்போது நுரைக்குமே, அதே சரக்கு. அதை அளந்தால் உள்ளே எவ்வளவு ரகளை நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. பழைய மெஷின் நிமிஷக் கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் கதிரை இது கண் சிமிட்டும் நேரத்துக்குள் மொத்தமாகக் கொட்டிவிடும். எலிகளிடம் பார்த்தார்கள், பன்றிகளின் தோலில் பார்த்தார்கள். கட்டி வழக்கம்போலச் செத்தது, நல்ல தோல் பெரும்பாலும் தப்பித்தது. ஏன் தப்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அந்த ஏனுக்குத் தண்ணீரிடமிருந்து பதில் வாங்கத்தான் அவளை அமர்த்தியிருந்தார்கள்.

பதில் வந்தது. வேகக் கதிர் பட்ட தண்ணீரில் பெராக்சைடு, மெதுவான கதிர் பட்டதில் இருந்ததில் பாதிகூட இல்லை. அதே டோஸ், அதே தண்ணீர். பெரிய டாக்டர், அதாவது கதிர் சிகிச்சைத் துறையின் தலைவர், அந்த முடிவைக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திவைத்துப் பேசினார்.

அவள் மட்டும் அதை நம்பவில்லை. ஏனென்றால் கணக்குப்படி வேகக் கதிரில் பெராக்சைடு அதிகமாக வேண்டும். துண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் பிறந்தால் நெரிசலில் ஒன்றோடொன்று முட்டும், முட்டினால் ஒட்டும், ஒட்டினால் பெராக்சைடு. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. குப்பியில் அளந்தால் தலைகீழாக இருக்கிறது. வேறு நாடுகளில் அளந்தவர்களும் குறைவதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் யாருக்கும் இவ்வளவு அழகாகக் குறையவில்லை. கேட்டதும் வாய் பிளக்கிற மாதிரி ஒரு எண் வந்தால், அதன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் அவள் புத்தி போகும்.

அப்படிப் பின்னால் நிற்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். மெஷினை இயக்கும் இயற்பியலாளர். எல்லோரும் அவரைப் பூட்டு சார் என்பார்கள். அவர் அறைக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, மேசை இழுப்பறைக்குப் பூட்டு. சாப்பாட்டு டப்பாவை மட்டும்தான் பூட்டாமல் வைத்திருந்தார். அவள் மேல்மாடியில் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். அவர் வாங்கிக்கொண்டு லிஃப்டில் கீழே போவார். கதிர் கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார். "மேடம், ஆச்சு" என்பார். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. கீழே அந்த அறைக்கு அவள் போனதே இல்லை. அவர் கூப்பிட்டதும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார்.

கணவனின் அக்கா. ஊரின் மறுகோடியில் தையற்கடை வைத்திருந்தார். யாரையும் நம்பாதவர். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவள் சொல்கிற அளவையே நம்பமாட்டார், தானே டேப்பைச் சுற்றி அளப்பார். இவர்கள் கல்யாணத்துக்கு முன்னால், பெண் படித்த கல்லூரிக்கே நேரில் போய் அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டம் நிஜம்தானா என்று விசாரித்துவிட்டு வந்தார். அது பெண்ணுக்கு எப்படியோ தெரிந்துபோனது. இத்தனை வருஷமாகியும் அந்த முள் அவள் மனசில் அப்படியே இருந்தது. அண்ணி என்று கூப்பிடுவாள், தட்டில் சாப்பாடு போடுவாள், போகும்போது வாசல்வரை வருவாள். அதற்குமேல் ஒட்டு உறவு கிடையாது.

இப்போது அந்த அண்ணியின் கெண்டைக்காலில் ஒரு கட்டி. வெட்டி எடுத்தார்கள், பக்கத்திலேயே மறுபடி முளைத்தது. இனி கதிர்தான் என்றார்கள். பெரிய டாக்டரே பார்த்துவிட்டு, "புது மெஷினுக்கு முதல் ஆட்களைத் தேடிக்கிட்டிருக்கோம். தோலுக்குப் பக்கத்துலயே இருக்கற கட்டி, உங்களுக்கு ரொம்பப் பொருத்தம். ஒரே தடவை, ஒரு நொடிகூட ஆகாது" என்றாராம்.

அண்ணி நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நொடின்னு சொல்றான் அந்த ஆளு. ஒரு பித்தான் தைக்கவே அதவிட அதிக நேரம் ஆகும். நீ அங்கதானே வேல பாக்கற, சொல்லு. இதுல என்ன வில்லங்கம்?"

தம்பி குறுக்கே வந்தான். "அக்கா, பெரிய டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"உன்னக் கேக்கல. அவளக் கேக்கறேன்."

அவள் முடிந்தவரை விளக்கினாள். சினிமா விட்டதும் கூட்டம் ஒவ்வொருவராக வெளியே வந்தால் தெருவெல்லாம் பரவி வம்பு பண்ணலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் அங்கேயே ஒருவரோடொருவர் முட்டிச் சிக்கிக்கொள்வார்கள், தெரு பிழைக்கும். தோல் தப்பிப்பதற்கு இப்படி ஒரு காரணம் சொல்கிறார்கள் என்றாள். பெராக்சைடைப் பற்றியும் சொன்னாள், கணக்கு கூடும் என்பதையும் குப்பியில் குறைவதையும் மறைக்கவில்லை.

அண்ணி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "அப்ப கணக்கு ஒண்ணு சொல்லுது, குப்பி ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு புளுகுது."

"அப்படியும் இருக்கலாம், அண்ணி."

"எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் கையெழுத்து போடமாட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி சொன்னது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

மறுநாளிலிருந்து பூட்டு சார் மேல் ஒரு கண் வைத்தாள். முதலில் டோஸைச் சந்தேகப்பட்டாள். வேகக் கதிர் என்று சொல்லிக் கதிரைக் குறைத்துக் கொடுத்தால் பெராக்சைடும் தானாகக் குறையும். குப்பியோடு ஒட்டி வைக்கும் ஃபிலிமைக் காட்டச் சொன்னாள். கதிர் பட்ட அளவுக்குக் கறுக்கும் ஃபிலிம் அது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அலமாரியைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, உடனே பூட்டினார். கறுப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அலமாரி திறந்த அந்த ஒரு கணத்தில் உள்ளே வேறொன்றும் கண்ணில் பட்டது. குப்பிகள். அவளுடைய குப்பிகள் மாதிரியே, வரிசையாக, தண்ணீரோடு.

அவளிடம் திரும்பி வராத தண்ணீர் அவர் அலமாரியில் எதற்கு?

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் குற்றமாகத் தெரிந்தது. அவர் லிஃப்டில் தனியாகப் போனால் ஏன் தனியாகப் போகிறார் என்று தோன்றியது. பெரிய டாக்டரோடு சேர்ந்து போனால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றியது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும்போது அவர் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு குப்பியைச் சாய்த்து எதையோ கொட்டுவதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள் நிழலைப் பார்த்துவிட்டு அவர் சட்டென்று குழாயைத் திறந்துவிட்டார்.

குப்பிகளை மாற்றுகிறார். கதிர் படாத வெறும் தண்ணீரைக் கலந்து கொண்டுவந்து கொடுக்கிறார். பெரிய டாக்டருக்குப் பிடித்த எண் வரவேண்டும், அவ்வளவுதான். இதை நம்பி அண்ணியின் காலை அந்த மெஷினுக்கு முன்னால் நீட்ட வைக்கப் போகிறார்கள்.

வாயைத் திறந்தால் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே ஒரு பொறி வைத்தாள்.

ஒவ்வொரு தடவையும் சில குப்பிகள் சும்மா கூடப் போய்வரும். கதிர் அறைவரைக்கும் போகும், கதிர் மட்டும் படாது. அவற்றில் பெராக்சைடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. இந்தத் தடவை அந்தச் சும்மாக் குப்பிகளில் அவளே கொஞ்சம் பெராக்சைடு கலந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மெதுவான கதிருக்கான பெரிய குப்பிகளிலும் கலந்தாள், வேகக் கதிருக்கான சின்னக் குப்பிகளிலும் கலந்தாள். தண்ணீரை யாரும் தொடாமல் இருந்தால் கலந்தது கலந்தபடி திரும்பி வரவேண்டும்.

பெரிய குப்பிகள் அப்படியே வந்தன. சின்னக் குப்பிகளில் கலந்த பெராக்சைடு பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

அளக்கும் கருவியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்பதில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததே அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது. எழுந்து லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிக் கீழே போனாள்.

பூட்டு சார் கதிர் அறைக்கு வெளியே, மெஷினை இயக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க அலமாரியத் திறங்க."

"எதுக்கு மேடம்?"

"என் தண்ணி உங்க அலமாரில என்ன பண்ணுது? எதை ஊத்தி எதை எடுத்துட்டு வர்றீங்க? இன்னிக்கு நான் அனுப்புனதுல பாதியக் காணோம்."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். சாவியைத் தேடுகிற சாக்கில் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பாருங்க. எல்லாம் உங்க தண்ணிதான். நீங்க குடுக்கற ஒவ்வொரு செட்டுலயும், ஒடஞ்சா இருக்கட்டும்னு உபரியா வைக்கறீங்களே, அதுல ஒண்ண நான் எடுத்து வச்சுப்பேன். கூடவே அதுக்கும் கதிர் குடுப்பேன். என் சிநேகிதன் ஒருத்தன் வேற லேப்ல இருக்கான். அவன்கிட்ட குடுத்து அளந்து பாப்பேன். மிச்சத்தக் கொட்டிடுவேன்."

"ஏன்?"

"உங்க மேல சந்தேகம்."

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது.

"என் மேலயா?"

"ஆமா. எண் ரொம்ப அழகா வருது. எந்த நாட்டுலயும் இவ்வளவு குறையல. அப்புறம் உங்க நாத்தனார்தான் முதல் ஆள்னு பெரிய டாக்டர் சொன்னாரு. சொந்தக்காரங்களுக்குப் புது ட்ரீட்மென்ட் கிடைக்கணும்னு நீங்கதான் மேல ஏதோ பண்றீங்களோன்னு..." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க."

அண்ணிக்காகத் தான் ஏமாற்று வேலை செய்வதாக ஒருவர் நினைத்திருக்கிறார் என்றதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லூரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்த கதையை அவரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சொல்லவில்லை.

"உங்க சிநேகிதர் அளந்ததுல என்ன வந்துச்சு?"

"உங்களுக்கு வந்ததேதான். அதே மாதிரி குறைவு. அதனாலதான் நான் வாயத் திறக்கல. நீங்க பண்ணல, நானும் பண்ணல. ஆனா எனக்கு இன்னும் நம்பிக்கை வரல."

சரி, நம்பிக்கை வராத இரண்டு பேர் சேர்ந்தாவது பார்ப்போம் என்று அன்றைக்கே கதிர் அறைக்குள் போனார்கள். கனத்த கதவு, தடித்த சுவர், உள்ளே ஏசியின் குளிர். மெஷினின் வாய் சுவரோரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. பழைய மெஷினைப் போல மேலிருந்து கீழே பார்க்கவில்லை. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பலகை. அதில் குழி குழியாகத் தோண்டியிருந்தது.

"வழக்கமா எப்படி வைப்பீங்களோ, அப்படியே வச்சுக் காட்டுங்க."

அவர் சின்னக் குப்பிகளை எடுத்துக் குழிகளில் வைத்தார். ஒவ்வொன்றையும் படுக்க வைத்தார்.

"எப்பவும் படுத்துத்தான் இருக்குமா?"

"கதிர் கொஞ்ச இடத்துலதான் விழும் மேடம். நிக்க வச்சா பாதித் தண்ணி வெளிய நிக்கும். சும்மா வர்ற குப்பியும் இதே பலகைல ஓரமா படுத்திருக்கும். மெஷின் சூடாகற வரைக்கும் காத்திருக்கணும்ல, அதுவரைக்கும் இப்படியேதான்."

"பெரிய குப்பி?"

"அது பழைய மெஷினுக்கு. நிக்க வச்சுத்தான்."

அவள் ஒரு சின்னக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். படுத்திருந்ததால் தண்ணீர் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூடியின் உட்புறத்தில், கசியாமல் இருக்க, ஒரு மெல்லிய ரப்பர் வட்டு. இந்தக் குப்பிகளை வாங்கும்போதே அவள் சோதித்திருந்தாள், பெராக்சைடு ஊற்றி வைத்துப் பார்த்திருந்தாள். ஆனால் தன் மேசையில், தாங்கியில், நிற்க வைத்து. தண்ணீர் மூடிவரை போகவே இல்லை. அவளுடைய அறையில் குப்பி நின்றது, அவருடைய அறையில் படுத்தது. ஒருவர் அறைக்குள் மற்றவர் எட்டிப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

மேலே கொண்டுபோய்க் கதிரே இல்லாமல் சோதித்தார்கள். நிற்க வைத்ததில் பெராக்சைடு இருந்தபடி இருந்தது. படுக்க வைத்ததில் ரப்பர் அதைத் தின்றிருந்தது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே.

இருவரும் பெரிய டாக்டரிடம் போனார்கள். சுவரில் அந்தப் படம் இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டீங்க. இன்னிக்கு ஜோடியா வந்து நிக்கறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது? அந்த இன்னொரு லேபா?"

"யாரும் இல்ல டாக்டர். ரப்பர்" என்றாள் அவள்.

"ஏம்மா, தோல் தப்பிக்குதுன்னு பன்னித் தோலப் பாத்துத்தான் சொன்னோம். உன் தண்ணியப் பாத்து இல்ல. தண்ணி தப்பா இருந்தா தோல் தப்பாகிடுமா?"

அதில் நியாயம் இருந்தது. அவளும் அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் புதுச் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கும் ஒப்புதல் குழுவுக்குப் போன கோப்பில் முதல் பக்கத்திலேயே இந்தப் படம்தான் இருக்கிறது. சேர வரும் நோயாளிகளுக்கு விளக்கும்போதும் இதைத்தான் காட்டுகிறார்கள். காரணம் இன்னதென்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு அந்தக் காரணத்தில் பாதி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் எப்படி என்றாள். அவள் முடித்ததும் பூட்டு சார், "குழுவுக்கு நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அது எவ்வளவு பெரிய மிரட்டல் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெரிய டாக்டர் எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தார். கோபத்தில்தான் பிய்த்தார். ஆனாலும் பிய்த்தார். சிகிச்சை தொடங்குவது தள்ளிப்போடப்பட்டது. அளவுகளை எல்லாம் மறுபடி எடுத்து, குழு மறுபடி கூடி, அப்புறம்தான்.

அண்ணியின் கட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வளர்ந்துகொண்டிருந்தது. பழைய மெஷினில், பழைய முறையில், வாரக்கணக்கில் கதிர் கொடுப்பது என்று முடிவானது.

செய்தியை அவளே தையற்கடைக்குப் போய்ச் சொன்னாள். அண்ணி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதும் கேட்டார். ரப்பர் வட்டு, படுத்த குப்பி, தள்ளிப்போன தேதி.

"அப்ப எனக்கு அந்த ஒரு நொடி வைத்தியம் இல்ல."

"இல்ல அண்ணி. இப்போதைக்கு இல்ல."

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"கிடைச்சிருக்கும்."

தையல் மெஷின் நின்றது. அண்ணி கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. நான் உன் காலேஜுக்குப் போய் விசாரிச்சேனே, அது உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அந்தக் கோவத்துல பண்ணினியா இத?"

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பூட்டு சாரின் அலமாரியைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தன் மனசின் மேலேயே ஒரு சந்தேகம் ஏற்பட்டிருந்தது. யாரையும் அவ்வளவு சுலபமாகக் கள்ளன் என்று நினைக்க முடிந்ததே. அதே மனசு தனக்குத் தெரியாமல் வேறு கணக்கும் போட்டிருக்காது என்று எப்படிச் சொல்வது?

"உங்களுக்குப் பதிலா எங்கம்மாவா இருந்தாலும் சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன், அண்ணி. ஆனா எங்கம்மாவா இருந்தா அழுதிருப்பேன். உங்களுக்கு அழல."

அண்ணி நூலை அறுத்துத் துணியை மடித்து வைத்தார். பிறகு, "சரி. காப்பி குடிக்கறியா?" என்றார்.

கதிர் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. போகப்போகக் கெண்டைக்கால் சிவந்தது, கறுத்தது, தோல் உரிந்து ஈரமாகியது. தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. கடையை மூடிவிட்டுத் தம்பி வீட்டுக்கே வந்து தங்கினார். புண்ணைக் கழுவிக் கட்டுவது அவள் வேலையானது. வேறு யாரையும் அண்ணி தொடவிடவில்லை. நர்ஸ் கை கழுவினாளா என்று சந்தேகம், தம்பிக்குக் கட்டவே தெரியாது.

ஒவ்வொரு தடவையும் அவள் பஞ்சைப் பிரிக்கும்போது அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும் அவளுக்கு. ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"என்ன, இப்ப அழற?" என்றார் அண்ணி.

"மருந்து நெடி."

"பொய்."

இதற்கிடையே ரப்பர் இல்லாத மூடிகள் வந்தன. இந்தமுறை அவளும் கதிர் அறைக்குள் போனாள், பூட்டு சாரும் மேல்மாடியில் அளக்கும்போது பக்கத்தில் நின்றார். குப்பியை யார் எடுத்தாலும் மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அந்த வழியாக வந்தால் இருவரும் ஏதோ களவு செய்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். முடிவு வந்தது. பாதி இல்லை, பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் வேகக் கதிர் பட்ட தண்ணீரில் பெராக்சைடு இன்னமும் குறைவாகத்தான் இருந்தது. கொஞ்சம், ஆனால் திரும்பத் திரும்ப. கணக்கு இன்னமும் கூடும் என்றே சொன்னது.

"இப்ப எது மேல சந்தேகப்படறது மேடம்?" என்றார் பூட்டு சார்.

"தண்ணி சுத்தமா இல்லையோ என்னவோ. இல்ல, கணக்குல நாம விட்டது ஏதாவது இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு மொதல்ல பாப்போம்."

அவர் தலையாட்டிவிட்டு, அலமாரியைப் பூட்டி, ஒரு சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணியின் கட்டி போய்விட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அண்ணி வேறொரு இடத்திலும் எடுத்துப் பார்த்தார், அங்கேயும் இல்லை. கால்தான் முன்போல இல்லை. தோல் காகிதம்போல இழுத்துக்கொண்டு, கணுக்கால் சரியாக மடங்கவில்லை. மிதிக்கும் மெஷினைக் கொடுத்துவிட்டு மோட்டார் மெஷின் வாங்கிக்கொண்டு கடையைத் திறந்தார்.

பெரிய டாக்டர் கடைசியில் புதிய சிகிச்சையைத் தொடங்கினார். கோப்பில் தண்ணீரின் படம் பின்பக்கத்துக்குப் போயிருந்தது, காரணம் இன்னும் தெரியவில்லை என்று அதன் கீழே எழுதியிருந்தது. முதலில் சேர்ந்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்கு முன்கையில் கட்டி.

அண்ணிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு மாலை கடைக்கு அவள் ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருந்தபோது, டேப்பை அவள் தோளில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வாத்தியார் கை எப்படி இருக்கு?"

அவள் அன்று காலைதான் பார்த்திருந்தாள்.

"நல்லா இருக்கு. லேசாச் சிவந்திருக்கு, அவ்வளவுதான்."

டேப் தோளிலேயே நின்றது. கடைக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் மோசமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல நீ" என்றார் அண்ணி.

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நானே போய்ப் பாத்திருப்பேன்." டேப்பை இழுத்துப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய் அளவைப் பார்த்தார். "திரும்பு. கைய மடக்காத. போன தடவ நீ குடுத்த அளவு தப்பு."